பேர்ட் பெயரை வைத்துக்கொண்டு பேர்ட் அணியைக் கலைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆணையருக்கும், முப்பது அணிகளின் உரிமையாளர்களுக்கும், வீரர் சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

உங்களுக்குள் இப்போது நடைமுறையில் இருக்கும் ஒப்பந்தம் 2023இல் போட்டது. 2029-30 சீசன்வரை ஓடும். 2028-29 முடிந்ததும் விலகிக்கொள்ள இரு தரப்புக்கும் வழி வைத்திருக்கிறீர்கள். அடுத்த பேச்சுக்கு உட்காரும்போது நீங்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறோம். பாஸ்டன் செல்டிக்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸும் 1980களில் மோதிய மோதலை இன்றும் உங்கள் விளம்பரங்களில் காட்டுகிறீர்கள். அப்படி ஒரு மோதல் மறுபடி பிறக்க வழியில்லாதபடி உங்கள் சம்பள விதிகள் இருக்கின்றன. எங்கள் வருத்தம் அதுதான்.

இரண்டு அணிகளும் ஃபைனல்ஸில் (ஏழு ஆட்டத்தில் நான்கை முதலில் வெல்பவருக்குக் கோப்பை தரும் இறுதித் தொடர்) 12 முறை சந்தித்திருக்கின்றன. ஒன்பது செல்டிக்ஸுக்கு, மூன்று லேக்கர்ஸுக்கு. 1959, 62, 63, 65, 66, 68, 69 என்று முதல் ஏழு முறையும் செல்டிக்ஸே வென்றது. 1962இன் ஏழாவது ஆட்டத்தில் ஸ்கோர் 100-100 என்றிருந்தபோது ஃபிராங்க் செல்வியின் கடைசி ஷாட் வளையத்தில் பட்டு வெளியே போனது, ஓவர்டைமில் 110-107. 1969இன் ஏழாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் உரிமையாளர் வெற்றிக் கொண்டாட்டத்துக்காக ஃபோரம் அரங்கின் கூரையில் பலூன்களைக் கட்டி வைத்திருந்தார். 108-106 என்று செல்டிக்ஸ் ஜெயித்தது. பலூன்கள் மேலேயே தங்கிவிட்டன. அன்று 42 பாயிண்ட், 13 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), 12 அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்யும் பாஸ்) எடுத்த ஜெர்ரி வெஸ்ட்தான், தோற்ற அணியிலிருந்து ஃபைனல்ஸ் எம்.வி.பி. (தொடரின் சிறந்த ஆட்டக்காரர்) விருது வாங்கிய ஒரே ஆட்டக்காரர். இத்தனை கடன் பாக்கியோடுதான் 1984இல் லேக்கர்ஸ் பாஸ்டனுக்கு வந்தது.

அந்தக் காலத்தை நினைத்தால் எல்லோருக்கும் வருகிற பெயர்கள் லேக்கர்ஸின் மேஜிக் ஜான்சன், செல்டிக்ஸின் லேரி பேர்ட். அது சரிதான். 1979 மார்ச் 26 அன்று கல்லூரி இறுதி ஆட்டத்தில் மேஜிக்கின் மிச்சிகன் ஸ்டேட் 75-64 என்று பேர்டின் இண்டியானா ஸ்டேட்டை வென்ற நாளில் தொடங்கிய கதை அது. ஆனால் இரண்டு பேர் மட்டும் மோதினால் அது குத்துச்சண்டை. சீசனில் இந்த இரு அணிகளும் சந்தித்தது இரண்டே தடவை; வேறு வேறு கான்ஃபரன்ஸ் (கிழக்கு, மேற்கு என்ற பிரிவு) என்பதால் இன்றும் கணக்கு அதேதான். ஆக, அடிக்கடி மோதியதால் வளர்ந்த பகை அல்ல இது. அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள், போன தடவை வாங்கிய அடிக்குப் பதில் தயாரித்துக்கொண்டு வந்தார்கள். அதனால் வளர்ந்தது.

அந்தப் பதில்கள் எப்படி இருந்தன என்று பாருங்கள்.

1984, இரண்டாவது ஆட்டம். கடைசி விநாடிகளில் லேக்கர்ஸ் 113-111 என்று முன்னிலை, பந்தும் அவர்களிடம். ஜேம்ஸ் வொர்தி குறுக்கே பைரன் ஸ்காட்டுக்குத் தூக்கிப்போட்ட பாஸ் மெதுவாக மிதந்தது. செல்டிக்ஸின் ஜெரால்ட் ஹெண்டர்சன் பாய்ந்து பறித்து, கூடைக்கருகே ஓடி லேஅப் போட்டார். அடுத்து ஷாட்டே எடுக்காமல் மேஜிக் கையில் நேரம் கரைந்தது. ஓவர்டைமில் 124-121 என்று செல்டிக்ஸ் வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் ஃபாஸ்ட் பிரேக்கைத் (பந்து கிடைத்ததும் எதிரணி நிலைகொள்ளும் முன் ஓடிப்போய்க் கூடை போடுவது) திறந்துவிட்டது: 137-104, மேஜிக்குக்கு 21 அசிஸ்ட். செல்டிக்ஸ் பயிற்சியாளர் கே.சி. ஜோன்ஸ் இதற்குச் செய்த மாற்றம் ஒன்றுதான். மேஜிக்கைக் காக்கும் வேலையை ஹெண்டர்சனிடமிருந்து எடுத்து டென்னிஸ் ஜான்சனிடம் கொடுத்தார்.

இது ஏன் வேலை செய்தது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். லேக்கர்ஸின் பிரேக் தனித்தன்மை உள்ளது. மற்ற அணிகளில் உயரமானவர் ரீபவுண்ட் எடுத்து, திரும்பி, பந்தை ஓட்டிச் செல்லும் கார்டுக்குப் பாஸ் கொடுக்க வேண்டும். அதற்குள் எதிரணி பாதிக் களம் ஓடிவிடும். மேஜிக் 6 அடி 9 அங்குலம். ரீபவுண்டைத் தானே எடுத்துத் தானே ஓட்டிக்கொண்டு போவார். ஒரு பாஸுக்கான நேரம் மிச்சம். இரு பக்கமும் வொர்தியும் ஸ்காட்டும் கோட்டை ஒட்டி ஓடுவார்கள்; நடுவில் வருகிறவருக்கு இரண்டு வழியும் திறந்தே இருக்கும். டென்னிஸ் ஜான்சன் பந்தைப் பறிக்க முயலவில்லை. பரந்த தோளோடு முன்னால் நின்று, நேராக ஓட வேண்டியவரைப் பக்கவாட்டில் ஓட வைத்தார். மேஜிக் கோணம் மாறினால் வொர்திக்கு வரும் பாஸ் ஓர் அடி தாமதமாகும். அந்த ஓர் அடிக்குள் செல்டிக்ஸின் ராபர்ட் பாரிஷ் கூடைக்குக் கீழே வந்து நின்றுவிடுவார்.

நான்காவது ஆட்டத்தில் பிரேக்கில் வந்த லேக்கர்ஸின் கர்ட் ராம்பிஸை செல்டிக்ஸின் கெவின் மெக்ஹேல் கழுத்தோடு சேர்த்து இழுத்துத் தள்ளியதையும் சொல்லத்தான் வேண்டும். இன்றைய விதியில் அவர் அங்கேயே வெளியேற்றப்பட்டிருப்பார். அது சரியான விதி. அப்படிப்பட்ட அடிதடி திரும்பி வரட்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. யாருடைய கழுத்தும் உடையாமலே இந்தப் பகை நடந்திருக்கும். ஐந்தாவது ஆட்டம் ஏ.சி. இல்லாத பாஸ்டன் கார்டனில், 97 டிகிரி ஃபாரன்ஹீட் புழுக்கத்தில் நடந்தது. பேர்ட் 20 ஷாட்டில் 15 போட்டு 34 பாயிண்ட், 17 ரீபவுண்ட். எதிர்ப்புறம் கரீம் அப்துல் ஜபார் பெஞ்சில் உட்கார்ந்து ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்திருந்தார். ஏழாவது ஆட்டம் 111-102. மறுபடியும் செல்டிக்ஸ்.

1985 மே 27, முதல் ஆட்டம்: செல்டிக்ஸ் 148, லேக்கர்ஸ் 114. செல்டிக்ஸின் ஸ்காட் வெட்மன் எடுத்த 11 ஷாட்டும் உள்ளே விழுந்தன. 38 வயது கரீமுக்கு 12 பாயிண்ட், 3 ரீபவுண்ட். இவர் காலம் முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் அதே கரீம் 30 பாயிண்ட், 17 ரீபவுண்ட், 8 அசிஸ்ட். ஜூன் 9, ஆறாவது ஆட்டம், பாஸ்டன் கார்டனிலேயே 111-100. ஃபைனல்ஸில் எட்டு முறை செல்டிக்ஸிடம் தோற்ற பிறகு லேக்கர்ஸுக்குக் கிடைத்த முதல் வெற்றி. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த அணியில் கரீம், மேஜிக், வொர்தி, கூப்பர், ஸ்காட், ராம்பிஸ் என்று முந்தைய ஆண்டு அந்தக் களத்தில் தோற்ற முக்கிய ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஹெண்டர்சனிடம் பந்தை விட்ட வொர்தியும் ஸ்காட்டும் அதே பலகைத் தரையில் நின்று ஜெயித்தார்கள். ஆட்கள் மாறியிருந்தால் அது இன்னொரு கோப்பை, அவ்வளவுதான்.

யாருமே மாறவில்லை என்று சொல்ல மாட்டோம். அந்தப் பந்தைப் பறித்த ஹெண்டர்சனையே 1984 அக்டோபரில் சியாட்டிலுக்கு அனுப்பிவிட்டார்கள். 1984இன் ஏழாவது ஆட்டத்தில் 24 பாயிண்ட் எடுத்த செட்ரிக் மேக்ஸ்வெல்லைக் கொடுத்து 1985இல் பில் வால்டனை வாங்கினார்கள். ஆனால் பேர்ட், மெக்ஹேல், பாரிஷ் மூவரும் 1980 முதல் 1992 வரை பிரியவே இல்லை. டென்னிஸ் ஜான்சனையும் டேனி எய்ஞ்சையும் சேர்த்தால் 1985 ஃபைனல்ஸில் களமிறங்கிய ஐவர்தான் 1987இலும் இறங்கினார்கள். தூண்கள் நின்றன, ஓலை மட்டும் மாறியது.

அந்த ஓலை மாற்றத்திலும் ஒரு பதில் உண்டு. மெக்ஹேலின் நீண்ட கைகளுக்குக் கூடைக்கருகே லேக்கர்ஸிடம் மருந்தில்லை. 1987 பிப்ரவரியில் சான் அன்டோனியோவிலிருந்து மைக்கல் தாம்சனை வாங்கினார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மெக்ஹேலோடு ஒரே அணியில் ஆடியவர்; மெக்ஹேல் தோளைத் தாழ்த்தினால் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரிந்தவர். பதிலுக்கு ஃபிராங்க் பிரிக்கவ்ஸ்கி, பேத்துர் குட்மண்ட்சன் என்ற இரண்டு ஆட்டக்காரர்களையும் ட்ராஃப்ட் உரிமைகளையும் (புது ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை) கொடுத்தார்கள். இரண்டு சிறிய சம்பளங்களைக் கூட்டி ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்குவது. இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

இப்போது உங்கள் விதிகளுக்கு வருவோம்.

ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு 1984-85 சீசனில் 36 லட்சம் டாலரில் தொடங்கியது. அதோடு வந்த விலக்குதான் இன்றுவரை பேர்ட் பெயரைத் தாங்கி நிற்கிறது: ஓர் ஆட்டக்காரர் மூன்று சீசன் உங்களிடம் இருந்தால், வரம்பைத் தாண்டியும் அவரை மறுபடி ஒப்பந்தம் செய்யலாம். அணியைக் கட்டியவர்கள் அதைக் கட்டிக்காக்க முடியட்டும் என்பதே அதன் உயிர். காகிதத்தில் அந்த உரிமை இன்றும் இருக்கிறது. ஆனால் 2023 ஒப்பந்தம் அதன் தலைக்கு மேல் செகண்ட் ஏப்ரன் என்று ஒரு கோட்டைப் போட்டிருக்கிறது. 2025-26இல் சம்பள வரம்பு சுமார் 15.46 கோடி டாலர்; செகண்ட் ஏப்ரன் சுமார் 20.78 கோடி. அதைத் தாண்டிய அணி இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒருவரை வாங்க முடியாது. பரிமாற்றத்தில் பணம் சேர்த்துக் கொடுக்க முடியாது. கொடுத்ததைவிட ஒரு டாலர் கூடுதலான சம்பளத்தை வாங்க முடியாது. வரம்பைத் தாண்டியும் நடுத்தரச் சம்பளத்தில் ஒருவரைச் சேர்க்க விடும் மிட்-லெவல் விலக்கு கிடையாது. ஏழாண்டு தள்ளியிருக்கும் முதல் சுற்று ட்ராஃப்ட் உரிமை உறைந்துவிடும், அதைப் பரிமாற்றத்தில் கொடுக்க முடியாது. அடுத்த நான்கு சீசனில் இரண்டு முறை கோட்டைத் தாண்டினால் அது சுற்றின் கடைசி இடத்துக்குத் தள்ளப்படும்.

செல்வந்த அணிகள் வெளியாட்களைக் காசு கொடுத்துக் குவிப்பதைத் தடுக்கத்தான் இதைக் கொண்டுவந்தீர்கள். நோக்கம் எங்களுக்கும் புரிகிறது. ஆனால் அடி விழுந்தது யார்மேல்? 2024இல் செல்டிக்ஸ் பதினெட்டாவது கோப்பையை வாங்கியது. அதன் நடுத்தூண்களான ஜேலன் பிரவுன் 2016இலும், ஜேசன் டேட்டம் 2017இலும் அந்த அணியே ட்ராஃப்ட் செய்து வளர்த்தவர்கள். அவர்கள் சம்பளம் ஏறியதால் 2025 கோடையில் ஜ்ரூ ஹாலிடே போர்ட்லண்டுக்கும், கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸ் அட்லாண்டாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஆல் ஹார்ஃபர்டும் லூக் கார்னட்டும் வேறு அணிகளில் சேர்ந்தார்கள். கோப்பை வென்று ஓராண்டு தாண்டியதுமே பாதி அணி இல்லை. டென்வரிலும் இதே கதை: 2023இல் வென்றவர்கள், அந்தக் கோடையிலேயே புரூஸ் பிரவுனை இழந்தார்கள் (ஒரே சீசன் இருந்தவர், பேர்ட் உரிமை பொருந்தவில்லை), அடுத்த கோடையில் கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்பை. 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டில் ஏழு வெவ்வேறு சாம்பியன்கள். இதைச் சமநிலை என்று நீங்கள் பெருமைப்படுகிறீர்கள். எங்களுக்கோ, ஒருவரும் ஒருவருக்கும் பதில் சொல்ல முடியாத ஏழு ஆண்டுகளாகத் தெரிகிறது.

என்ன செய்யலாம்? இரண்டு திருத்தங்களைக் கேட்கிறோம்.

ஒன்று. ஒரே அணியில் தொடர்ந்து ஐந்து சீசன் முடித்த ஆட்டக்காரரின் சம்பளத்தில் முக்கால் பங்கை மட்டும் செகண்ட் ஏப்ரன் கணக்கில் சேருங்கள். ஆட்டக்காரருக்கு முழுச் சம்பளம். சம்பளச் செலவு எல்லை மீறினால் அணி கட்டும் ஆடம்பர வரியும் முழுச் சம்பளத்தின்மேலேயே இருக்கட்டும். உரிமையாளர் காசு கட்டித்தான் ஆக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அணியின் மொத்தச் சம்பளம் 22.5 கோடி டாலர், அதில் நீண்டகால ஆட்டக்காரர் இருவருக்குத் தலா 5 கோடி என்றால், பத்துக் கோடியில் கால் பங்கு, அதாவது 2.5 கோடி கழியும். மீதி 20 கோடி, கோட்டுக்குக் கீழே. அணியைக் கலைக்கச் சொல்லும் தண்டனைகள் விழாது. 2025 கோடையில் இது இருந்திருந்தாலும் செல்டிக்ஸ் உரிமையாளர்கள் வரிக்குப் பயந்து சிலரை விட்டிருக்கலாம். அது அவர்கள் பணம், அவர்கள் முடிவு. விதி கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்காது.

ட்ராஃப்ட் செய்த அணிக்கு மட்டும் என்று இதைச் சுருக்காதீர்கள். ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் 2019இல் பரிமாற்றத்தில்தான் ஓக்லஹோமா சிட்டிக்கு வந்தார். அவரை அந்த அணியின் பிள்ளை இல்லையென்று யார் சொல்வது? இருந்த ஆண்டுகள்தான் அளவுகோல். ஓட்டைகளும் இருக்கின்றன. ஓய்வு பெறும் வயதில் உள்ளவருக்குத் தேவைக்கு மேல் சம்பளம் எழுதிக் கழிவை வாங்கப் பார்ப்பார்கள். ஆகவே ஓர் அணிக்கு மூன்று பேருக்கு மேல் சலுகை வேண்டாம், அணி மாறினால் சலுகை அவரோடு போகவும் வேண்டாம்.

பெரிய நகரங்களுக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று நினைக்க வேண்டாம். 1980 முதல் 1989 வரை பத்துக் கோப்பையில் எட்டு இந்த இரண்டு அணிகளுக்கே போனதை மறைக்கவில்லை. ஆனால் பெரிய நகரத்துக்கு வெளியாட்கள் தாமாக வருவார்கள். ஓக்லஹோமா சிட்டி, டென்வர், சான் அன்டோனியோ போன்றவர்கள் வளர்த்தெடுத்தால்தான் உண்டு. வளர்த்ததைக் காப்பாற்ற உதவும் விதி அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும்.

இரண்டாவது திருத்தம் சிறியது. செகண்ட் ஏப்ரனுக்கு மேல் இருக்கும் அணியும், தான் கொடுக்கும் சம்பளத்தைவிடக் கூடுதலாக வாங்காத வரையில், இரண்டு பேரைக் கூட்டி ஒருவரை வாங்க அனுமதியுங்கள். மொத்தச் செலவு ஒரு டாலரும் ஏறப்போவதில்லை. இன்றைய விதியில் அந்த நிலையில் இருக்கும் அணிக்கு, இரண்டு பேரைக் கொடுத்துத் தாம்சனை வாங்கிய அந்தப் பரிமாற்றத்தின் கதவே மூடியிருக்கிறது. எதிரியின் ஆட்டத்துக்கு மருந்து தேடும் வழியை அடைத்துவிட்டு மோதலை மட்டும் எதிர்பார்க்க முடியாது.

அட்டவணை பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கான்ஃபரன்ஸிலும் முதலிடத்துக்குப் போட்டியிடும் அணிகளின் இரண்டு ஆட்டங்களையும் ஒரே மாதத்துக்குள் அடைக்காதீர்கள். ஒன்று டிசம்பருக்குள், மற்றது பரிமாற்றக் கெடு முடிந்த பிறகு இருந்தால், முதல் ஆட்டத்தில் கண்ட ஓட்டையை அடைக்க அவகாசம் கிடைக்கும். 1985 முதல் 2013 வரை ஃபைனல்ஸை 2-3-2 என்று (இரண்டு ஆட்டம் ஓர் அணியின் ஊரில், மூன்று மற்றதன் ஊரில், மறுபடி இரண்டு முதல் ஊரில்) வைத்திருந்ததை 2014இல் பழையபடி 2-2-1-1-1 ஆக மாற்றினீர்களே, அதற்கு மனமார்ந்த நன்றி. ஐந்தாவது ஆட்டம் மேல்நிலையில் உள்ள அணியின் ஊரில் நடக்க வேண்டும். 1984இன் அந்தப் புழுக்கமான இரவு அதற்குச் சாட்சி.

கடைசியாக, காப்பகம். 1984, 85, 87 ஃபைனல்ஸ் சேர்ந்து 19 ஆட்டங்கள். இரண்டு ஓவர்டைமையும் சேர்த்து ஆட்ட நேரம் 922 நிமிடம். இவற்றை அன்றைய வர்ணனையோடு, வெட்டாமல், ஒரே இடத்தில் எல்லா நாட்டவரும் பார்க்கும்படி வையுங்கள். உங்கள் புள்ளிவிவரத் தளத்தில் பந்துக்குப் பந்து விவரம் 1996-97இலிருந்துதான் தொடங்குகிறது. டென்னிஸ் ஜான்சன் மேஜிக்கைக் காத்தபோது லேக்கர்ஸ் எத்தனை பிரேக் ஓடியது என்று இன்று ஒரு மாணவர் கேட்டால் அதிகாரபூர்வமான பதில் இல்லை. அன்றைய வேகத்தில் ஓர் ஆட்டத்தில் அணிக்குச் சுமார் நூறு பொசஷன் (பந்து ஓர் அணியின் கையில் இருக்கும் ஒவ்வொரு முறை). 19 ஆட்டத்துக்கு ஏறத்தாழ 3,800. களத்தில் இருந்த பத்துப் பேர், யாரை யார் காத்தார், பந்து எங்கிருந்து உள்ளே போனது, ஷாட் எடுத்த இடம், மீதி நேரம் ஆகிய ஐந்தைப் பதிந்தால் போதும். குறிப்பெடுக்கத் தெரிந்த நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் முடிகிற வேலை.

1987 ஜூன் 9, நான்காவது ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். நீங்கள் காட்டும் துண்டில் மேஜிக்கின் ஹுக் ஷாட் மட்டும் இருக்கிறது. அதற்குச் சற்று முன், 12 விநாடி இருக்கையில், பேர்ட் மூன்று பாயிண்ட் போட்டு 106-104 ஆக்குகிறார். 8 விநாடியில் கரீமுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது உள்ளே, இரண்டாவது வெளியே. ரீபவுண்ட் செல்டிக்ஸ் கைக்கு வந்தே விட்டது, நழுவி வெளியே போகிறது, பந்து மறுபடி லேக்கர்ஸுக்கு. உடைந்த பாத எலும்போடு ஆடிக்கொண்டிருந்த மெக்ஹேல்தான் இடப்பக்கம் மேஜிக்கை எதிர்கொள்கிறார். மேஜிக் நடுப்பக்கம் வெட்டி நுழைகிறார். பாரிஷும் பேர்டும் நெருங்குகிறார்கள். கரீமின் அடையாளமான ஹுக் ஷாட்டை மேஜிக் கடன் வாங்குகிறார். 107-106. இரண்டு விநாடி பாக்கி. துண்டு அங்கே முடிந்துவிடுகிறது. ஆட்டம் முடியவில்லை. டைம் அவுட்டுக்குப் பிறகு இடது மூலையில் பேர்டுக்குத் தெளிவான ஷாட் கிடைக்கிறது. பந்து நேராகப் போகிறது, பாஸ்டன் கார்டன் முழுக்க எழுந்து நிற்கிறது, வளையத்தில் பட்டுத் திரும்புகிறது. அந்த இரண்டு விநாடியையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
கூடைப்பந்து ரசிகர்கள்